பணியாரத்துக்கு வெயில் வேண்டும்

செட்டிகுளம்
16.9.2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

முத்தமிழ் எழுதுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான், வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருப்பவர் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? பக்கத்து வீட்டில் பெரியம்மா எப்படி இருக்கிறார்கள்?

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தவள் திடீரென்று தபாலில் பேசுகிறாளே என்று நினைப்பீர்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை மாமா. போனில் கூப்பிட்டால் நீங்கள் "ஆங், ஆங், சரி, வச்சிர்றேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டு மந்தமான காது என்று உங்கள் மகன் சொல்லியிருக்கிறார். ஆனால் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். கல்யாணமானதிலிருந்து நாம் இருவரும் பேசிக்கொண்டது "சாப்பிட வாங்க மாமா", "போயிட்டு வரேன் மாமா" என்பதோடு சரி. ஒருவேளை எழுத்தில் எனக்குத் தைரியம் அதிகமோ என்னவோ.

விஷயம் பணியாரத்தைப் பற்றி. நாங்கள் ஓசூரில் வளர்த்த ஆமை. வாங்கும்போது குழிப்பணியாரம் அளவுதான் இருந்தது, அதனால் அந்தப் பெயர். உங்கள் மகன் கம்பெனி வேலையாகப் புனேவுக்குக் கிளம்பும்போது உங்களிடம் விட்டுவிட்டுப் போனாரே, அதுதான். நான் இங்கே கொண்டுவந்திருப்பேன். ஆமை மேல் ஒரு கிருமி இருக்குமாம், மாசமாக இருப்பவளுக்கும் கைக்குழந்தைக்கும் ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். நீங்களும் அதைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.

வீட்டில் ஆமை இருப்பது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். நம் பக்கத்தில் அதைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பதைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். ஆனாலும் உங்களை விட்டால் எங்களுக்கு ஆளில்லை.

ஓசூரிலிருந்து கிளம்பும்போதே அதன் கழுத்தில் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. அது பரவியிருக்கிறதா, கால் தோலிலும் வந்திருக்கிறதா என்று கொஞ்சம் பார்த்து எழுதுவீர்களா? ஒரு அட்டையில் நாலு வரி போதும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
முத்தமிழ்


திருமானூர்
25.9.2024

மருமகள் முத்தமிழுக்கு,

கடிதம் வந்தது. நான் சௌக்கியம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அக்காவும் சௌக்கியம்.

அந்த ஜீவன் உயிரோடு இருக்கிறது. சோறு போட்டால் தின்கிறது. வெள்ளைத் திட்டு கழுத்திலும் முன்னங்கால் இரண்டிலும் இருக்கிறது. பூசணம் மாதிரி இருக்கிறது. தோல் சோளத் தட்டை மேல் உள்ள சருகு போல உரிகிறது. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து ஓடு, கால், கழுத்து எல்லா இடத்திலும் கனமாகத் தடவியிருக்கிறேன். மாட்டுக்குப் புண் வந்தால் அப்படித்தான் செய்வோம், ஆறிவிடும். இதற்கும் ஆறும். ஆனால் இப்போது கையில் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகிறது.

நீ கவலைப்படாமல் வேளைக்குச் சாப்பிடு. சம்பந்தி வீட்டாருக்கு என் வணக்கம்.

ராசாங்கம்


செட்டிகுளம்
30.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மிகவும் சந்தோஷம். அதைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் அம்மா வலி வந்துவிட்டது என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார்கள்.

எண்ணெய் வேண்டாம் மாமா! ஓட்டின் மேல் எண்ணெய் ஏறினால் அழுக்கு அடைந்துகொள்ளும், பூசணம் இன்னும் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும். வெறும் தண்ணீரில் மெதுவாகக் கழுவிவிடுங்கள். நாரெல்லாம் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். சோறும் வேண்டாம். கீரை கொடுங்கள், வயலில் மண்புழு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆமைக்குத் தோல் உரிவது சகஜம்தான். மெல்லிசாக, கண்ணாடி மாதிரி உரிந்தால் பயமில்லை. பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, அடியில் சிவந்திருந்தால் அது நோய். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான்.

நம் ஊர் மாட்டாஸ்பத்திரியில் புதிதாகச் சத்யா என்று ஒரு டாக்டர் வந்திருப்பதாக உங்கள் மகன் சொன்னார். ஒருமுறை காட்டிவிடுவீர்களா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? வெயில் படுகிற இடமா?

எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா வெங்காய நடவுக்கு ஏரோட்டுகிறார். அம்மா என்னை ஒரு குச்சியைக்கூட எடுக்க விடுவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அன்புடன்
முத்தமிழ்


திருமானூர்
9.10.2024

மருமகள் முத்தமிழுக்கு,

ஆசீர்வாதம். நான் நலமாக இருக்கிறேன். நீ சொன்னபடி மாட்டாஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

வாளியில் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடி எடுத்துப் போனேன். எனக்கு முன்னால் ஏழெட்டு ஆடும் ஒரு கன்றுக்குட்டியும் நின்றன. ஆட்டுக்காரர் ஒருவர் "வாளியில என்னங்க?" என்று கேட்டார். "மீனு" என்றேன். மீனை எதற்கு இங்கே கொண்டுவந்திருக்கிறான் என்று அவர் யோசித்திருப்பார், அதற்கு மேல் கேட்கவில்லை.

டாக்டர் சின்னப் பெண். துண்டை எடுத்துப் பார்த்ததும் சிரித்துவிட்டது. "அய்யா, நான் ஆமையப் பாடப் புத்தகத்துல பாத்ததோட சரி. இருங்க, எங்க காலேஜ் சாரைக் கேட்டுச் சொல்றேன்" என்று போனில் படம் காட்டிப் பேசியது. பேசி முடித்து என்னிடம் விவரம் சொன்னது. எனக்குக் காது கேட்கவில்லை என்றதும் சத்தத்தைக் கூட்டியது. "ஆமைக்குத் தோல்ல பூசணம்! ஆமைய ஈரத்துலயே வைக்கக் கூடாது! ஆமைக்கு வெயில் படுதா?" வெளியே நின்ற அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டது. நான் வெளியே வரும்போது கன்றுக்குட்டிக்காரர் கன்றையும் இழுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றார்.

புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தைத் தண்ணீரில் கலந்து, கடுந்தேநீர் நிறத்துக்கு வந்ததும் பஞ்சில் தொட்டு வைக்க வேண்டும். காய்ந்ததும் ஒரு களிம்பு. பகலில் பெரும்பாலும் தரையில் காய விட வேண்டும், தின்பதற்கு மட்டும் தண்ணீர். இதுதான் வைத்தியம். நேற்றிலிருந்து செய்கிறேன். மருந்து வைக்கும்போது என்னைப் பார்த்துச் சீறுகிறது. ஆமைக்குச் சீறத் தெரியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

வெயில் படுகிறதா என்று டாக்டர் கேட்டதற்குப் படும் என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ராசாங்கம்


செட்டிகுளம்
17.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நமஸ்காரம். உங்கள் கடிதத்தை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன். கன்றுக்குட்டி இடம் வந்ததும் அப்பா சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. "சம்பந்தி இப்புடியெல்லாம் பேசுவாரா?" என்று கேட்டார். எழுதுவார் என்றேன்.

என் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அம்மா பார்லிக் கஞ்சி கொடுக்கிறார்கள். இந்த மாதம் எல்லோருக்கும் அப்படித்தானாம், பெரிதாக ஒன்றுமில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெயில் படுகிறதா என்று டாக்டர் கேட்டால் நீங்கள் 'படும்' என்று சொல்லியிருக்கிறீர்கள். 'படுகிறது' என்று சொல்லவில்லை. போன கடிதத்தில் அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. மருந்து பாதி, வெயில் பாதி மாமா. வெயில் இல்லாவிட்டால் எவ்வளவு களிம்பு தடவினாலும் திரும்பத் திரும்ப வரும். இருட்டில் இருந்தால் ஓடும் மெத்தென்று ஆகிவிடும்.

எங்கே வைத்திருக்கிறீர்கள்?

இங்கே மழை பிடித்துக்கொண்டது. அங்கே எப்படி? கொள்ளிடத்தில் தண்ணீர் நிறையப் போகிறதாமே.

அன்புடன்
முத்தமிழ்


திருமானூர்
12.11.2024

மருமகப்பெண் முத்தமிழுக்குப் பெரியம்மா பொன்னம்மாள் எழுதுவது. நான் அஞ்சாம் வகுப்பு படித்தவள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள். நான் குத்துக்கல்லாட்டம் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

உன்னைப் பிரஷர் என்று பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் புனேவிலிருந்து அரவிந்தன் எனக்குப் போன் செய்தான். உன் மாமனுக்கு நான்தான் காதில் கத்திச் சொன்னேன். தட்டில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

இதற்கெல்லாம் என்ன காரணம் என்று எனக்குத் தெரியும். என் தம்பி ஆமையை வீட்டுக்குள் வைத்திருக்கிறான்! எனக்குத் தெரியாமல் கொல்லைக் குளியலறையில் போட்டுத் தாழ்ப்பாள் போட்டிருந்தான். "மோட்டார்ல குளிக்கிறேங்க்கா, ஒடம்புக்கு நல்லது" என்று மழையிலும் வயலுக்குப் போய்க் குளித்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மாட்டாஸ்பத்திரியில் ஆமையோடு நின்றான் என்று ஊரே சொன்ன பிறகுதான் போய்த் திறந்து பார்த்தேன். மூலையில் இருட்டில் சட்டியைக் கவிழ்த்தாற்போலக் கிடக்கிறது.

நீ ஆஸ்பத்திரியில் இருப்பது தெரிந்ததும் நான் விடவில்லை. "மாசமா இருக்குற புள்ளைக்கு ஆவாதுடா. அத ஆத்துல விட்டுட்டு வா" என்றேன். அதிசயமாக உடனே வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். நம்ப முடியாமல் நானும் கூடவே போனேன்.

கொள்ளிடக் கரையில் இறங்கி நின்றான். நிற்கிறான், நிற்கிறான். "விடுறா" என்றேன்.

"இது வெளிநாட்டு ஆமைக்கா. ஆத்துல வுட்டா நம்மூரு ஆமைக்கு எரை இல்லாமப் பண்ணிரும், வுடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்கு" என்கிறான்.

"அப்ப எதுக்குடா இம்மாந் தூரம் தூக்கியாந்தே?" என்று கேட்டேன். காது கேட்காதவன் மாதிரி ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு எப்போது கேட்கும், எப்போது கேட்காது என்று கூடப்பிறந்த எனக்குத் தெரியாதா? வாளியை எட்டிப் பார்த்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டான். திரும்ப வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டான்.

அதோடு போனதா? மறுநாள் காலையில் வாசலில், தெருவே பார்க்கிற இடத்தில், உடைந்த துவைக்கல்லைப் போட்டு அதன் மேல் ஆமையை வைத்து, நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான்! கேட்டால், "வெயில் காட்டச் சொல்லியிருக்கு முத்தமிழு" என்கிறான்.

நீ சொன்னால்தான் கேட்பான். ஆமையை அப்புறப்படுத்தச் சொல்லி ஒரு வரி எழுது. நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க உங்கள் ஊர் மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன். உப்பைக் குறை.

பொன்னம்மாள்


செட்டிகுளம்
19.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

முத்தமிழின் வணக்கம். முதலில் என் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பிரஷர் இறங்கிவிட்டது. மாத்திரை சாப்பிடுகிறேன், உப்பில்லாத குழம்பும் சாப்பிடுகிறேன். பிள்ளை நன்றாக இருக்கிறது.

தீபாவளிக்குக்கூட உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் எழுதவில்லை. கால் வீக்கத்தைப் பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதினேன் இல்லையா, அப்போதே தலைவலியும் இருந்தது. எழுதினால் நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று எழுதவில்லை. பெரியம்மா எழுதிய பிறகுதான் அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது.

பெரியம்மா மட்டும் இல்லை. என் அம்மாவும் ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "எல்லாம் அந்த ஆமையாலதான், அத மொதல்ல தொலைச்சுத் தலைமுழுகு" என்று அழுதார்கள். டாக்டர் வந்ததும் அம்மா எதிரிலேயே கேட்டுவிட்டேன். "டாக்டர், ஆமை வளத்தா பிரஷர் வருமாங்க?" டாக்டர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "ஆமைக்கு வேணா உங்களால வந்திருக்கும்" என்றார். பக்கத்துக் கட்டில் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்துவிட்டார்கள்.

மாமா, ஒன்று மட்டும் மனதாரச் சொல்கிறேன். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நீங்கள் கௌரவமாக நடந்துபோன தெரு அது. எங்கள் பொருளுக்காக நீங்கள் பேச்சு வாங்க வேண்டாம். புனேவிலிருந்து அவரை ஒரு நாள் லீவு போட்டு வரச் சொல்கிறேன். ஓசூரில் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துவிடலாம். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் சொல்கிறேன்.

உங்கள்
முத்தமிழ்


திருமானூர்
27.11.2024

அன்புள்ள மருமகள் முத்தமிழுக்கு,

நீ வீடு திரும்பிய செய்தி படித்தேன். இரண்டு தடவை படித்தேன். இனிமேல் தலைவலி என்றாலும் எழுது. பிரஷர் எவ்வளவு என்று டாக்டர் சொல்வதையும் எழுது. எழுதாமல் இருந்தால்தான் எனக்குப் பயம் வரும்.

அக்கா எழுதியதெல்லாம் உண்மை. மூக்கைத் துடைத்தது மட்டும் ஆற்றங்கரைக் காற்றுக்கு.

அரவிந்தனை வரச் சொல்லாதே. லீவைப் பிள்ளை பிறக்கும்போது போட்டுக்கொள்ளட்டும். பணியாரம் இங்கேயே இருக்கும்.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வெயில் எட்டிப் பார்த்தவுடன் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்த் துவைக்கல்லில் வைக்கிறேன். மேகம் மூடினால் உள்ளே. ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கணக்கில்லை. முழங்காலுக்கு இதுவே நல்ல பயிற்சி என்று அக்கா கேலி செய்கிறாள். வெயிலே வராத நாளில் கோழிக்குஞ்சுக்குப் போடுகிற குண்டு பல்பைப் போட்டு அடியில் வைக்கிறேன். பல்புக்குச் சூடுதான் உண்டு, வெயிலின் சத்து கிடையாது என்று டாக்டர் சத்யா சொன்னது. இருந்தாலும் ஈரம் காய்கிறது. வலது கால் வெள்ளை சுத்தமாகப் போய்விட்டது. இடது காலில் மிளகளவு மிச்சம். கழுத்தில் பழைய தோல் விட்டு உள்ளே புதுத்தோல் தெரிகிறது, காதோரத்துச் சிவப்புக் கோடு பளிச்சென்று இருக்கிறது. இப்போதெல்லாம் மருந்து வைத்தால் சீறுவதில்லை. கழுத்தை நீட்டிக் கொடுக்கிறது.

தெருவில் பேசாமல் இல்லை. டீக்கடை தங்கசாமி வாசலில் நின்று, "என்ன ராசாங்கம், வூட்டு வாசல்லயே ஆமைய வச்சிருக்க? குடும்பம் நடக்கணுமா வேணாமா?" என்று கேட்டான்.

"எம் மருமவ வளக்குற ஆமை. ஒடம்பு சரியில்லாம இருந்துச்சு, நாந்தான் பாக்குறேன். ஒனக்கு என்ன?" என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. காது கேட்காதவனுக்குத் தன் சத்தம் தெரியாது. எதிர் வீட்டிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சொல்லி முடித்ததும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. மறுநாள் தங்கசாமியே கடையில் கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் இலையைக் கொண்டுவந்து, "திங்குமா?" என்று கேட்டான்.

சம்பந்தியம்மாவிடம் சொல். ஆமையால் ஒன்றும் வராது. வருவதாக இருந்தால் முதலில் அதைத் தொட்டுத் தொட்டு மருந்து போட்ட எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

பத்திரம்.

ராசாங்கம்


செட்டிகுளம்
13.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் உங்கள் பேத்தியும் நலம். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டோம். உங்கள் மகன் தொட்டில் பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விடுகிறார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உங்களிடம் பேச முடியவில்லை. ஆபரேஷன் வலி, வாய் எழவில்லை. அதனால் இப்போது பேசுகிறேன்.

இரண்டு பஸ் மாறி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தீர்கள். வார்டு வாசல் குழாயில் கை கழுவினீர்கள். உள்ளே வந்தீர்கள். திரும்ப வெளியே போய்க் கழுவினீர்கள். நர்ஸ் பார்த்துவிட்டு, "பெரியவரே, டேங்க்குத் தண்ணி தீந்துரப் போவுது" என்று சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அம்மா பிள்ளையை உங்கள் கையில் கொடுக்க வந்ததும் நீங்கள் பின்னால் நகர்ந்து சுவரோடு நின்றுவிட்டீர்கள்.

"வேணாந் தாயி. ஆமையத் தொட்ட கை" என்றீர்கள்.

எட்ட நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் போன பிறகு நான் அழுதுவிட்டேன் மாமா. கிருமி என்று முதல் கடிதத்தில் பயமுறுத்தியது நான்தானே.

டாக்டரைக் கேட்டுவிட்டேன். சோப்புப் போட்டு ஒழுங்காகக் கை கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டால் போதுமாம். தாராளமாகத் தூக்கலாமாம். மார்கழி போகட்டும், தை பிறந்ததும் பெயர் வைக்கிறோம். கட்டாயம் வர வேண்டும். வந்தால் நாலு நாள் தங்க வேண்டும். சுவரோடு நிற்கக் கூடாது.

உங்கள்
முத்தமிழ்


திருமானூர்
21.12.2024

அன்புள்ள முத்தமிழுக்கு,

பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

கழுவினால் போய்விடும் என்று எனக்கும் தெரியும். மனசு ஒப்பவில்லை. அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அரவிந்தன் பிறந்தபோது நான் சுரங்கத்தில் ராத்திரி ஷிப்ட். அவனை அந்த வயதில் தூக்கிய ஞாபகமே இல்லை. பழக்கமில்லாத கை.

பணியாரத்துக்குக் குணமாகிவிட்டது. டாக்டர் சத்யா வீட்டுக்கே வந்து பார்த்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அய்யா, ஒரு பொட்டு வெள்ளை இல்ல" என்றது. இந்தத் தடவை நான் கேட்காமலே சத்தம் போட்டுச் சொன்னது. போட்டோ எடுத்துத் தன் காலேஜ் சாருக்கு அனுப்பியது.

நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இது வேண்டாம், ஓசூருக்கு அனுப்ப மாட்டேன். வயலில் மோட்டார் கொட்டகையை ஒட்டித் தொட்டி கட்டிவிட்டேன். பாதி தண்ணீர், பாதி மேடு, நாள் முழுக்க வெயில். நிழலுக்கு ஒரு ஓரம் கீற்று வேய்ந்திருக்கிறேன். பாப்பா இங்கே வந்தால் வீட்டில் பயமில்லாமல் தவழலாம்.

தைக்கு வருகிறேன். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ஆமையைத் தொடுவதை நிறுத்திவிடுவேன். அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். "நா அது மூஞ்சியப் பாக்க மாட்டேன், கீரைய மட்டும் தூக்கிப் போடுவேன்" என்பது அவள் நிபந்தனை.

ராசாங்கம்


திருமானூர்
5.2.2025

தம்பி ராசாங்கத்துக்கு அக்கா எழுதுவது. இங்கே நானும் மாடும் கோழியும் சுகம். அங்கே எல்லோரும் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதனால்தான் ஊர் நினைப்பே உனக்கு வரவில்லை.

பேர் வைத்த மறுநாளே நாங்கள் எல்லோரும் திரும்பிவிட்டோம். நாலு நாளில் வருகிறேன் என்று சொன்னவன் நீ. சம்பந்தி தங்கராசுக்கு வெங்காயம் பிடுங்க ஒத்தாசையாக இருக்கிறாய் என்று அரவிந்தன் சொன்னான். நான் தங்கராசுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டேன். "வெங்காயமா? அவரு வூட்ட வுட்டு வெளியவே வரலைங்களே. பேத்திய மடியில போட்டா போட்ட எடம்தான்" என்று சிரிக்கிறார்.

சரி, இருந்துவிட்டு வா. கரும்புக்குத் தண்ணீர் நான் பாய்ச்சிக்கொள்கிறேன்.

இந்த ஆமைச் சட்டி விஷயம். கீரையைத் தூரத்திலிருந்து போட்டால் தின்ன மாட்டேன் என்கிறது. கையில் பிடித்துக் கிட்டத்தில் நீட்டினால்தான் வந்து கவ்வுகிறது. அப்படிப் பழக்கி வைத்தவன் நீதானே? முந்தாநாள் பார்த்தால் ஓட்டிலிருந்து கண்ணாடித் தாள் மாதிரி ஒரு சில்லு பெயர்ந்து கிடக்கிறது. நேற்று இன்னொன்று. எடுத்துப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். கழுத்தில் வெள்ளை இல்லை, நன்றாகத் திருப்பிப் பார்த்தேன். சீக்கு திரும்பி வந்துவிட்டதா என்று மருமகளைக் கேட்டு உடனே எழுது. டாக்டர் பெண் லீவில் போயிருக்கிறது. எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. அதற்காக ஆமை மேல் எனக்கு அக்கறை என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னிடம் யார் பேச்சு வாங்குவது?

பொன்னம்மாள்


செட்டிகுளம்
8.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். பொட்டலத்தைப் பிரித்து வீசிவிடு. அது சீக்கு இல்லை. ஆமை பெரிதாகும்போது ஓட்டின் மேல்தாள் அப்படித்தான் உரியுமாம். நீ போடுகிற கீரையில் வளர்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

வியாழக்கிழமை வருகிறேன். இல்லாவிட்டால் அதற்கடுத்த வியாழன்.

இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல முத்தமிழ் எழுதுகிறாள். எனக்கு இரண்டு கையும் ஒழியவில்லை. பிள்ளை இப்போதுதான் என் நெஞ்சு மேல் தூங்கியிருக்கிறது. சத்தமாகச் சொன்னால் எழுந்துவிடும் என்று இவள் அதட்டுகிறாள். அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

ராசாங்கம்